சில்வண்டுச் சிறகு காட்டிய வழி

மூணாற்றிலிருந்து பாம்பாடும் சோலையைக் கடந்து வட்டவடைக்குச் செல்வோர், படிப்படியாய் அமைந்த வயல்களில் பூண்டும் உருளைக்கிழங்கும் விளையும் அழகைக் கண்டு களிப்பர். அத்தகைய வயல் வரப்பொன்றில், மழைக்காலத்தில் வழுக்கி விழுந்து தொடையெலும்பை முறித்துக்கொண்டார் நம் உறவினர் ஒருவர். மலையிறங்கி வந்து, உலோகத் தகடு பொருத்திக்கொண்டு வீடு திரும்பினார். சில வாரங்களில் தகட்டைச் சுற்றிச் சீழ் கட்டியது. மருந்துகள் பலித்தில, தகட்டை அகற்றி மீண்டும் அறுவை செய்ய நேர்ந்தது. ஒரு போகத்துப் பூண்டு விற்ற பணம் அதிலேயே கரைந்தது.

"இவ்வளவு மருந்து ஏற்றியும் கிருமி ஏன் சாகவில்லை?" என்று அவர் நம்மை வினவினார். இரயில்வே அலுவலகத்தில் பேரேடு எழுதும் நாம் மருத்துவம் பயின்றோமல்லோம்; எனினும் படித்தறிந்ததை அன்பர்களுக்கும் கூறுவோம்.

உலோகத்திற்குள் இரத்தம் ஓடுவதில்லை. அதன்மேல் ஒட்டிய பாக்டீரியாக்கள் பெருகி, பசை போன்றதொரு படலத்தைத் தம்மைச் சுற்றி அமைத்துக்கொள்கின்றன. கோட்டைக்குள் பதுங்கிய பகைவரைப் போன்ற அவற்றை மருந்து எளிதில் அழிப்பதில்லை. ஆதலின், ஒட்டும்போதே கிருமியைக் கொல்லும் உலோகம் கிட்டுமா என விஞ்ஞானிகள் ஆராயலாயினர்.

வழி காட்டியது சில்வண்டு. பாலக்காட்டுச் சைலண்ட் வாலிக்கு அப்பெயர் வந்ததே இப்பூச்சியின் இரைச்சல் அங்கு இல்லாமையால் என்பாரும் உளர். 2012-ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியாவின் சுவின்பர்ன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எலினா இவானோவா குழுவினர், அந்நாட்டுச் சில்வண்டு ஒன்றின் சிறகில் விழுந்த சூடோமோனாஸ் என்னும் பாக்டீரியா சில நிமிடங்களில் மடிவதைக் கண்டனர். சிறகெங்கும் சுமார் 200 நானோமீட்டர் உயரமுள்ள நுண்தூண்கள் நிற்கின்றன. ஒரு மில்லிமீட்டரில் பத்து இலட்சம் நானோமீட்டர் உண்டு என்றால் அவற்றின் சிறுமை விளங்கும். தூண்களின்மேல் படியும் கிருமியின் மெல்லிய சவ்வு, இடைவெளிகளில் தொய்ந்து, இழுபட்டுக் கிழிகிறது. சிறகின்மேல் மெல்லிய பொன்பூச்சு ஏற்றியும் கிருமி இறந்தது. ஆகவே, கொல்வது இரசாயனமன்று; வடிவமே.

இவ்வுண்மையை எலும்பு மருத்துவத்திற்குப் பயன்படுத்த நம் நாட்டிலும் முயன்றனர். பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் கௌசிக் சட்டர்ஜி குழுவினர், டைட்டானியத்தின் மேற்பரப்பைக் குளோரின் வாயுவால் அரித்து, நுண்தூண்கள் நிறைந்த 'கருப்பு டைட்டானிய'த்தை உருவாக்கி 2017-இல் ஆய்வை வெளியிட்டனர். அதில் பலவகைப் பாக்டீரியாக்கள் மடிந்தன. மனித உயிரணுக்களோ ஒட்டி வளர்ந்தன. எனினும், தடித்த சுவருடைய ஸ்டாபிலோகாக்கஸ் மெதுவாகவே அழிந்தது. எலும்பில் பொருத்திய உலோகத்தில் சீழ் உண்டாக்குவனவற்றுள் முதன்மையானது அதுவே.

வேறு இடர்களும் உள. இறந்த கிருமிகளும் இரத்தப் புரதங்களும் படிந்து தூண்களை மூடலாம். எலும்பில் பொருத்துகையில் அவை முறியவும் கூடும். ஆதலின், ஆய்வுக்கூடத்து வெற்றியை மருத்துவமனை வெற்றியென எண்ணிவிடலாகாது.

அதுவரை நம் காவல் நம் கையிலேயே உள்ளது. உடலில் உலோகம் பொருத்திக்கொண்டோர், காயத்தில் சிவப்போ வெப்பமோ நீர்க்கசிவோ கண்டால், காய்ச்சல் தோன்றினால், விதைப்பு முடியட்டும் என நாள் கடத்தாது உடனே மருத்துவரை அணுகுக. மருத்துவர் தந்த மருந்தைப் பாதியில் நிறுத்தற்க. மிஞ்சியதைப் பிறர்க்கு ஈயற்க. நம் உறவினர் நீர்க்கசிவைக் கண்டும் பூண்டு அறுவடைக்காகப் பத்து நாள் பொறுத்திருந்தார். அப்பத்து நாளே கிருமிகளுக்குக் கோட்டை கட்டப் போதுமானதாயிற்று.