ரோஜாப்பூ யுத்தமும் வெள்ளித்திரையும்

ரோஜா மலரைப் பார்த்தால் யாருக்கும் சண்டை போடத் தோன்றாது. ஆனால் இங்கிலாந்து தேசத்தில் முப்பது வருஷங்களுக்கு மேல் நடந்த ஒரு பங்காளிச் சண்டைக்கு அந்த மலரின் பெயரே வாய்த்திருக்கிறது. யார்க் வம்சத்துக்கு வெள்ளை ரோஜா, லங்காஸ்டர் வம்சத்துக்குச் சிவப்பு ரோஜா என்று வெள்ளைக்காரர் ஆட்சியில் நம் பாட்டனார்கள் பள்ளிக்கூடத்தில் நெட்டுருப் போட்டார்கள். இன்று அப்படி யாரும் நம்மை வற்புறுத்துவதில்லை. ஆயினும் அதே ராஜாக்கள் சினிமா வழியாகவும் தொலைக்காட்சி வழியாகவும் நம் வீட்டுக் கூடத்துக்கே வந்து தரிசனம் கொடுக்கிறார்கள். வருகிறவர்களை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதே நமது விசாரணை.

பெயரிலேயே கற்பனை

1455-ஆம் வருஷம் செயின்ட் ஆல்பன்ஸ் நகரத் தெருக்களில் தொடங்கிய இந்த யுத்தம், 1487-இல் ஸ்டோக் போர்க்களத்தில் ஓய்ந்தது. பிரபுக்கள் ஒரு தோட்டத்தில் கூடி, ஆளுக்கு ஒரு நிற ரோஜாவைப் பறித்துக் கட்சி பிரிந்தார்கள் என்பது ஷேக்ஸ்பியரின் கற்பனை. அந்த மலர்களின் பெயரால் யுத்தத்தைக் குறிப்பிடுவது, வால்டர் ஸ்காட் 1829-இல் ஒரு நாவல் எழுதிய பிறகே எங்கும் பரவியது. ஆகவே, யுத்தத்தின் பெயரிலேயே நாடகம் புகுந்துவிட்டது.

கூனன் ஆன கதை

இந்த யுத்தத்தில் சினிமாக்காரர்களுக்கு மிகவும் பிடித்தமானவர் மூன்றாம் ரிச்சர்டு. 1485-இல் பாஸ்வொர்த் களத்தில் அவரை வீழ்த்தி முடிசூடிக்கொண்டவர் ஏழாம் ஹென்றி. ஷேக்ஸ்பியர் நாடகம் எழுதியதோ அந்த ஹென்றியின் பேத்தியான எலிஸபெத் ராணியின் ஆட்சியில். பாட்டனார் கொன்ற மனிதரைப் பேத்தியின் காலத்தில் நல்லவர் என்று எழுத யாருக்குத் துணிச்சல் வரும்? முதுகிலே கூன், சூம்பிய கை, நெஞ்சிலே நஞ்சு என்று ரிச்சர்டு மேடை ஏறிவிட்டார்.

மேடையிலிருந்து திரைக்கு வர அதிக காலமாகவில்லை. 1912-லேயே அமெரிக்காவில் ஓர் ஊமைப்படம் எடுத்தார்கள். தொலைந்துபோயிற்று என்று எல்லோரும் கைவிட்ட அந்தப் படம் 1996-இல் அகப்பட்டது. 1955-இல் லாரன்ஸ் ஆலிவியர் தாமே இயக்கி நடித்த படத்தில், ரிச்சர்டு நம்மை நேருக்கு நேர் பார்த்துத் தம் சதித் திட்டங்களை ரகசியம்போலச் சொல்கிறார். கேட்டுக்கொண்டிருக்கும் நாமும் அந்தச் சதியில் பங்காளிகளாகி விடுகிறோம்! 1995-இல் இயன் மெக்கெல்லன் அதே நாடகத்தை 1930-களுக்குக் கொண்டுவந்து, ரிச்சர்டுக்குச் சர்வாதிகாரியின் ராணுவ உடுப்பை அணிவித்தார். கொடுங்கோலன் எந்தக் காலத்து உடுப்பிலும் வரக்கூடும் என்பதை அந்தப் படம் பயங்கரமாக உணர்த்துகிறது.

தொலைக்காட்சியில் வந்த ராஜாக்கள்

தொலைக்காட்சிக்கு அவகாசம் அதிகம். பி.பி.ஸி. ஸ்தாபனத்தார் 1960-இல் ஷேக்ஸ்பியரின் எட்டுச் சரித்திர நாடகங்களை 15 பகுதிகளாக ஒளிபரப்பினார்கள். 2013-இல் வந்த 'தி ஒயிட் குவீன்' தொடர், பிலிப்பா கிரிகரியின் நாவல்களைத் தழுவி, இதே யுத்தத்தை அரண்மனைப் பெண்களின் கண்வழியே காட்டியது. அதில் வரும் ரிச்சர்டுக்குக் கூன் கிடையாது.

எலும்புகள் சொன்ன சாட்சி

நூலாசிரியர்கள் இப்படி மாறி மாறிச் சொல்லிக்கொண்டிருக்கையில், சம்பந்தப்பட்டவரே நேரில் சாட்சி சொல்ல வந்துவிட்டார்! 2012-இல் லெஸ்டர் நகரத்தில் மோட்டார் வண்டிகள் நிறுத்தும் இடம் ஒன்றைத் தோண்டியபோது ரிச்சர்டின் எலும்புக்கூடு கிடைத்தது. முதுகெலும்பு பக்கவாட்டில் வளைந்திருந்தது உண்மை. அதனால் ஒரு தோள் சற்று உயர்ந்திருக்கக்கூடும். ஆனால் கதைகளில் வரும் கூனும் இல்லை, சூம்பிய கையும் இல்லை. மண்டையோட்டில் வெட்டுக் காயங்கள் இருந்தன. 2015-இல் அவரை லெஸ்டர் தேவாலயத்தில் மரியாதையுடன் அடக்கம் செய்தார்கள்.

இந்தத் தேடலையே கதையாக்கி 2022-இல் 'தி லாஸ்ட் கிங்' என்ற படம் வந்தது. அதிலே ஒரு வேடிக்கை: 500 வருஷங்களுக்கு முன் இறந்தவருக்கு நியாயம் கேட்ட அந்தப் படத்தைப் பற்றி, உயிரோடிருப்பவர்கள் தங்களுக்கு அநியாயம் இழைக்கப்பட்டதாகக் கூறினார்கள். அகழாய்வை நடத்திய பல்கலைக்கழகத்தார், தங்கள் பங்கு சரியாகக் காட்டப்படவில்லை என்று ஆட்சேபித்தார்கள். கதைக்கு ஒரு வில்லன் வேண்டுமென்றால் சினிமா யாரையாவது பிடித்துக்கொள்ளும் போலிருக்கிறது!

எலும்புகளும் எல்லாவற்றையும் சொல்லிவிடவில்லை. 1483-இல் லண்டன் கோட்டைக்குள் வைக்கப்பட்டு, பிறகு யார் கண்ணிலும் படாமல் மறைந்த 12 வயதும் 9 வயதுமான அண்ணன் மகன்கள் இருவரின் கதி என்ன? கூன் பொய்யாகிவிட்டதால் ரிச்சர்டு குற்றமற்றவராகிவிட மாட்டார். உடம்பைப் பற்றிய வழக்கு வேறு, கொலையைப் பற்றிய வழக்கு வேறு.

பெயரில்லாதவர்கள்

ராஜாக்களின் கதை இவ்வாறு. பிரஜைகளின் கதை என்ன? 1461 மார்ச் 29-ஆம் தேதி டவ்டன் என்னுமிடத்தில் பனி கொட்டும் வேளையில் இரு சைன்யங்களும் மோதின. யார்க் படையின் அம்புகளைக் காற்றே சுமந்து சென்றது. எதிரிகளின் அம்புகளோ பாதி வழியில் விழுந்தன. மாண்டவர்கள் 28,000 பேர் என்று அக்காலத்தவர் எழுதினர். அது மிகை என்று இன்று பலர் கருதுகின்றனர். 1996-இல் அங்கே ஒரே குழியில் பலருடைய எலும்புகள் அகப்பட்டன. தலைகளில் பயங்கரமான காயங்கள். அவர்களுடைய பெயரை அறிந்தவர் இல்லை.

திரையிலும் அவர்களுக்குப் பெயரில்லை. குதிரைக் காலடியில் விழுவதற்காகவே வருகிறார்கள். இந்த விஷயத்தில், 1983-இல் பி.பி.ஸி.க்காக ஜேன் ஹவல் என்ற அம்மையார் இயக்கிய நாடகங்களையே நாம் சிறந்தவையாகக் கருதுகிறோம். குழந்தைகள் விளையாடும் இடம்போல வர்ணம் பூசிய பலகை அரங்கில் கதை தொடங்குகிறது. யுத்தம் நீள நீள அரங்கம் கருகுகிறது; உடைகள் கந்தலாகின்றன. முடிவில் பிணக்குவியலின் உச்சியில் மார்கரெட் ராணி, ரிச்சர்டின் சடலத்தை மடியில் ஏந்திச் சிரிக்கிறாள். குதிரைப்படையும் கோட்டையும் காட்டும் படங்கள் சொல்லாத உண்மையை அந்தப் பலகை அரங்கம் சொல்லிவிடுகிறது.

குழந்தைகளை இத்தகைய படங்களைப் பார்க்கவிடலாமா என்று பெற்றோர்கள் கேட்கலாம். வயதறிந்து தாராளமாகக் காட்டலாம். ஆனால் படம் முடிந்ததும் இரண்டு கேள்விகள் கேட்கட்டும்: 'இந்தக் கதையை யார், யாருடைய ஆட்சியில் எழுதினார்கள்? இதில் யாருடைய பெயர் விட்டுப்போயிற்று?' ஜயித்தவர்கள் எழுதிவைத்த சரித்திரத்தை வெகுகாலம் பாடமாகப் படித்த தேசத்தார் நாம். அந்தக் கேள்விகளைக் கேட்கப் பழகிய பிள்ளைகள், இங்கிலாந்தின் சரித்திரத்தை மட்டுமல்ல, நம்முடையதையும் விழிப்புடன் படிப்பார்கள்.