உடம்பு தாங்குமா?

"அம்மாவுக்கு எண்பத்திரண்டு வயசு. கைத்தாங்கல் இல்லாம நடக்க முடியாது. இந்த உடம்பு ஊசியைத் தாங்குமா?" முதியவருக்குத் தடுப்பூசி என்றதும் பல வீடுகளில் எழும் கேள்வி இது. அக்கறையில்தான் கேட்கிறார்கள். ஆனால், அந்த உடம்பு நோயைத் தாங்குமா என்றும் கேட்டுப் பார்க்க வேண்டும்.

ஃப்ளூ நமக்கு ஒரு வாரக் காய்ச்சல். தளர்ந்துபோன முதியவர் பத்து நாள் படுத்தாலே காலில் உள்ள கொஞ்சநஞ்சத் தசையும் கரையத் தொடங்கிவிடும். காய்ச்சல் விட்ட பிறகும் கழிப்பறைக்குத் தானாகப் போக முடியாமல் ஆகலாம். இதயத்துக்கும் ஆபத்து உண்டு. ஃப்ளூ உறுதியான முதல் 7 நாட்களில் மாரடைப்பு வரும் வாய்ப்பு சுமார் 6 மடங்கு கூடுகிறது என்று கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் நடந்து 2018இல் வெளியான ஆய்வு சொல்கிறது.

ஃப்ளூ ஊசியில் இருப்பது செயலிழந்த வைரஸ். எனவே, ஊசி போடுவதாலேயே ஃப்ளூ வந்துவிடாது. கை வலிக்கலாம், ஓரிரு நாள் உடம்பு கதகதக்கலாம். வயதானவர்களுக்கு ஊசியின் பலன் இளையவர்களைவிடக் குறைவுதான். அதற்காகவே சில நாடுகளில் 65 வயதைத் தாண்டியவர்களுக்கு நான்கு மடங்கு வீரியமுள்ள ஊசி போடுகிறார்கள். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர் என்றால் செவிலியரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். மெல்லிய ஊசியால் போட்டு, தேய்க்காமல் இரண்டு நிமிடம் அழுத்திப் பிடித்தால் போதும். கடும் காய்ச்சல் இருக்கும் நாளில் மட்டும் தள்ளிப்போடலாம்.

வைரஸ் உருமாறிக்கொண்டே இருப்பதால் ஃப்ளூ ஊசியை ஆண்டுதோறும் போட வேண்டும். சென்னையில் அக்டோபர், நவம்பர் மழையோடு ஃப்ளூ உச்சத்துக்குப் போகும். அதற்கு முன்பே போட்டுக்கொள்வது நல்லது. முதியவர்களுக்கான மற்ற ஊசிகளில், நிமோனியா ஊசி ஆண்டுதோறும் தேவையில்லை. அக்கிக்கான புதிய ஊசி, 2 முதல் 6 மாத இடைவெளியில் இரண்டு தவணை. யாருக்கு எது என்பதை மருத்துவர் முடிவு செய்வார்.

சிக்கலே இங்குதான். படுக்கையில் இருப்பவர் மருத்துவரிடம் போவதில்லை. அவருடைய மாத்திரைச் சீட்டுதான் போகிறது. மகனோ மகளோ சீட்டை நீட்டி, "அதே மாத்திரைதானே, டாக்டர்?" என்று கேட்டு வாங்கி வருகிறார்கள். ஆளையே பார்க்காத மருத்துவருக்கு ஊசி ஞாபகம் வருவது அபூர்வம். நம் தேசியத் தடுப்பூசி அட்டவணையும் குழந்தைகளையும் கர்ப்பிணிகளையும் மையமாகக் கொண்டதுதான்.

படுக்கையில் இருப்பவர்கள் விடுபடுவதைக் கொரோனா காலத்திலும் பார்த்தோம். 60 வயதைத் தாண்டியவர்களுக்கு 2021 மார்ச் 1 அன்றே ஊசி தொடங்கியது. வெளியே வர முடியாதவர்களுக்கு வீட்டிலேயே போடலாம் என்று மத்திய அரசு அறிவித்தபோது செப்டம்பர் ஆகிவிட்டது. யாருக்கு முதலில் தேவையோ, அவர்களுக்குக் கடைசியில் கிடைத்தது.

வழி இல்லாமல் இல்லை. 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிரஷர், சுகர் மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. குழந்தைகளுக்கான ஊசிகளைக் குளிர்ப்பெட்டியில் ஊருக்குள் கொண்டுபோகும் பழக்கம் நம் கிராம சுகாதாரச் செவிலியர்களுக்குப் புதிதல்ல. இந்த இரண்டையும் சேர்த்தால் முதியவரின் கட்டில்வரை ஊசி போகும்.

அதுவரை வீட்டில் செய்ய வேண்டியவை சில. முதியவரைப் பார்த்துக்கொள்பவர்கள் தாங்களும் ஃப்ளூ ஊசி போட்டுக்கொள்ளுங்கள். வெளியிலிருந்து நோயைக் கொண்டுவருவது நாம்தான். போட்ட ஊசியின் பெயரையும் தேதியையும் மருத்துவக் கோப்பில் எழுதி வையுங்கள். ஊசி போடும் முன் அம்மாவிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள், கை அவருடையது.

அடுத்த முறை மாத்திரைச் சீட்டோடு போகும்போது, "அம்மாவுக்கு என்னென்ன ஊசி பாக்கி இருக்கு, டாக்டர்? வீட்டுக்கு வந்து போட முடியுமா?" என்று கேட்டுவிடுங்கள். சீட்டு தானாகக் கேட்காது.