தொண்டும் தீர்ப்பும்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., வேதியியல்)

‘படிப்பது இராமாயணம், இடிப்பது பெருமாள் கோயில்’ என்பது நம் நாட்டுப் பழமொழி. பக்தியுள்ள ஒருவர் மீது பழி வந்தால் சிலர் இதைச் சொல்லி முடித்துவிடுவர். வேறு சிலரோ, ‘கோயிலுக்குப் போகிறவர் இப்படிச் செய்வாரா?’ என்று கேட்டு முடித்துவிடுவர். இரண்டுமே விசாரிக்காமல் எழுதும் தீர்ப்புகள். அமெரிக்காவில் நடந்த லிஸ்ஸி போர்டன் வழக்கு இதனை நன்கு விளக்கும்.

மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஃபால் ரிவர், பஞ்சாலைகள் நிறைந்த ஊர். 1892 ஆகஸ்டு 4 ஆம் நாள் முற்பகலில் அவ்வூர்ச் செல்வந்தர் ஆண்ட்ரூ போர்டனும் அவருடைய இரண்டாம் மனைவி ஆபியும் தம் வீட்டிலேயே வெட்டுண்டு கிடந்தனர். அப்போது அங்கே இருந்ததாக அறியப்பட்டவர்கள் இருவரே: இளைய மகள் லிஸ்ஸி, அயர்லாந்திலிருந்து வந்த பணிப்பெண் பிரிட்ஜெட் சல்லிவன். ஆகஸ்டு 11 இல் லிஸ்ஸி கைதானார். அவருக்கு வயது 32.

லிஸ்ஸி சென்ட்ரல் காங்கிரிகேஷனல் தேவாலயத்தின் உறுப்பினர். குடியேறி வந்தோரின் பிள்ளைகளுக்கு ஞாயிறு பள்ளியில் பாடம் சொன்னவர். கிறிஸ்தவ முயற்சிச் சங்கத்தின் செயலர்-பொருளாளர். மாதர் மதுவிலக்குச் சங்கத்திலும், நோயாளிகளுக்குப் பழமும் மலரும் வழங்கும் பெண்கள் குழுவிலும் தொண்டாற்றியவர். கைதான பின் அச்சபையார் அவருக்குத் துணை நின்றனர். போதகர் பக், நீதிமன்றத்திற்கே அவருடன் வந்தார்.

1893 ஜூனில் நியூ பெட்ஃபோர்டு நகரில் விசாரணை நடந்தது. கொலைக்கு முந்திய நாள் லிஸ்ஸி ஹைட்ரோசயனிக் அமிலம் வாங்க முயன்றதாகக் கூறப்பட்ட சாட்சியத்தை நீதிமன்றம் ஏற்கவில்லை. இறந்தோரின் இரைப்பைகளைச் சோதித்த ஹார்வர்டு வேதியியல் பேராசிரியர் உட், நஞ்சு எதையும் காணவில்லை. கொலைக்கு மூன்று நாட்களுக்குப் பின் லிஸ்ஸி ஓர் உடையை எரித்ததைத் தோழி ஒருவரே சாட்சியாகக் கூறினார். எனினும் இரத்தக்கறை படிந்த உடை எதுவும் சிக்கவில்லை.

லிஸ்ஸிக்காக வாதாடியவர் மாநிலத்தின் முன்னாள் ஆளுநர் ராபின்சன். அரசு வழக்கறிஞர் நோல்டனோ, சமூக மதிப்பும் சமயப் பற்றும் குற்றம் செய்யாமைக்கு உத்தரவாதம் ஆகா என்று வாதிட்டார். நீதிபதி டூயி ஜூரிகளுக்கு உரைக்கையில், லிஸ்ஸியின் நற்பெயரையும் கருத்தில் கொள்ளலாம் என்றார். ஆண்கள் பன்னிருவர் கொண்ட ஜூரி, ஜூன் 20 இல் சுமார் ஒன்றரை மணி நேரத்தில் அவரை விடுதலை செய்தது.

எங்கள் ஆய்வுக்கூடத்தில் உப்பைப் பகுக்கும்போது அதன் நிறத்தையும் குறித்துக்கொள்கிறோம். ஆனால் உறுதிச் சோதனை செய்யாமல் முடிவு எழுதினால் ஆசிரியர் கையெழுத்திடுவதில்லை. தொண்டும் அந்த நிறம் போன்றதே. லிஸ்ஸி செய்த தொண்டு பொய்யன்று. அது அந்த முற்பகலில் நடந்ததைச் சொல்லவும் இல்லை. ஐயத்திற்கு இடமிருந்ததால் விடுதலை என்றால் அது சட்டப்படி சரியே. ‘தேவாலயப் பெண், ஆகவே செய்திருக்க மாட்டார்’ என்பதே காரணம் என்றால் அது சரியன்று.

ஏனெனில் நற்பெயருக்குச் சாட்சி எல்லோருக்கும் கிடைப்பதில்லை. கூண்டில் நின்றவர் பிரிட்ஜெட்டாக இருந்தால் எந்த முன்னாள் ஆளுநர் வந்திருப்பார்? எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். நன்னடத்தைச் சான்றிதழில் அதிகாரி ஒருவரின் கையெழுத்து வேண்டும் என்றார்கள். என் தந்தையை நாற்பது ஆண்டுகளாக அறிந்தவர்கள் எல்லாம் கைநாட்டு வைப்பவர்கள். அவர்கள் சொல்லும் நல்ல சொல்லை எந்தத் தாளில் எழுதுவது?

விடுதலைக்குப் பின் ஊரார் லிஸ்ஸியை ஒதுக்கினர். சபையாரும் முகம் திருப்பினர். அவர் தேவாலயம் செல்வதையே விட்டுவிட்டார். 1927 இல் இறந்தபோது விலங்குகளைக் காக்கும் சங்கத்திற்கு 30,000 டாலர் எழுதி வைத்திருந்தார். முன்பு தொண்டைக் காட்டி அவரைக் குற்றமற்றவர் என்ற ஊர், பின்பு புதிய சான்று ஏதுமின்றியே குற்றவாளி என்றது. வேறு எவரும் இவ்வழக்கில் கூண்டில் நிறுத்தப்படவில்லை.

நண்பர்களே! ஒருவரின் பக்தியைப் பாராட்டுவோம், தொண்டை மதிப்போம். தீர்ப்புக் கூறும் வேளையில் மட்டும் சான்றைக் கேட்போம். செல்வர் வீட்டுப் பெண்ணுக்கும் அவ்வீட்டுப் பணிப்பெண்ணுக்கும் ஒரே தராசு பிடிக்க அதுவே வழி.