உங்களுக்குத் தெரியுமா? படத்தில் தெரியாத உலக அதிசயங்கள்

‘என்றாவது ஒருநாள் போய்ப் பார்த்துவிட வேண்டும்’ என்று காலண்டர் படத்தைப் பார்த்து ஆசைப்பட்ட இடங்கள் எல்லோருக்கும் உண்டு. அவற்றைத் தாங்கி நிற்பது பெரும்பாலும் படத்தில் விழாத ஒன்று. போகும்போது அதையும் பார்த்து வாருங்கள்.

◆ மேஸ்திரியின் டைரி
கீசாவின் பெரிய பிரமிடுக்குக் கல் கொண்டுவந்த மேஸ்திரி ஒருவரின் வேலைக் குறிப்பேடு, சுமார் 4,500 ஆண்டுகள் கழித்து நமக்குக் கிடைத்திருக்கிறது. அவர் பெயர் மெரெர். அவருக்குக் கீழே ஏறக்குறைய 40 ஆட்கள். தூரா குவாரியில் சுண்ணாம்புக் கல்லைப் படகில் ஏற்றுவது, நைல் வழியாக வந்து கீசாவில் இறக்குவது, திரும்பப் போவது: இதுதான் வேலை. எந்த நாளில் கல் ஏற்றினார்கள், இரவு எங்கே தங்கினார்கள் என்பதையெல்லாம் பாப்பிரஸில் நாள்வாரியாக எழுதி வைத்திருக்கிறார். 2013இல் செங்கடல் கரையோரம் வாடி அல்-ஜர்ஃபில் பிரெஞ்சு ஆய்வாளர் பியர் தலேயின் குழு இதைக் கண்டெடுத்தது. எழுத்துள்ள பாப்பிரஸ்களில் இதுவரை கிடைத்தவற்றுள் மிகப் பழையது இதுவே.

◆ போர் காப்பாற்றிய கோபுரம்
பீசா கோபுர வேலை 1173இல் தொடங்கியது. மூன்றாவது அடுக்கு எழும்பும்போதே அடியிலிருந்த இளகிய மண் ஒரு பக்கம் அமுங்கியது. நல்லவேளையாக, அண்டை நகரங்களோடு மூண்ட போர்களால் ஏறத்தாழ 100 ஆண்டுகள் வேலை நின்றது. அந்த இடைவெளியில் மண் இறுகிவிட்டது. விடாமல் கட்டியிருந்தால் அப்போதே சரிந்திருக்கும். பிறகு வந்தவர்கள் சாய்ந்த பக்கத்தை உயர்த்திக் கட்டியதால், உற்றுப் பார்த்தால் கோபுரம் வாழைப்பழம்போல் லேசாக வளைந்திருக்கும். 1990இல் மூடி, வடபக்கத்து மண்ணைச் சிறிது சிறிதாக எடுத்து, சுமார் 45 சென்டிமீட்டர் நிமிர்த்தி, 2001இல் மீண்டும் திறந்தார்கள்.

◆ கஞ்சி கலந்த சுவர்
சீனப் பெருஞ்சுவரில் மிங் அரசர்கள் காலத்துச் சுண்ணாம்புக் காரையில் ஒட்டும் அரிசிக் கஞ்சியும் கலந்திருக்கிறது. அதிலுள்ள அமைலோபெக்டின் என்ற மாவுப்பொருள்தான் காரையை இறுக்கிப் பிடிக்கிறது. நிலவிலிருந்து இந்தச் சுவர் தெரியும் என்பது மட்டும் உண்மையில்லை.

◆ மண்ணுக்குள் மச்சு பிச்சு
பெருவில் 2,430 மீட்டர் உயரத்தில், கொட்டும் மழையிலும் இந்த இன்கா நகரம் சரியாமல் நிற்கக் காரணம் வடிகால். படிக்கட்டு வயல்களின் அடியில் பெருங்கல், அதன்மேல் சரளை, அடுத்து மணல், எல்லாவற்றுக்கும் மேலே வளமான மண். கட்டுமான உழைப்பில் பாதிக்கு மேல் தரைக்கு அடியில்தான் என்கிறார்கள் ஆராய்ந்த பொறியாளர்கள்.

◆ வெள்ளை அல்ல
சிட்னி ஓபரா ஹவுஸின் கூரை தூரத்தில் தூய வெள்ளை. கிட்டப் போனால் பளபளப்பான வெள்ளையும் மங்கலான கிரீம் நிறமும் கலந்த, ஸ்வீடனில் செய்த 10 லட்சத்துக்கும் அதிகமான ஓடுகள். வடிவமைத்த டென்மார்க் கலைஞர் யோர்ன் உட்சன், அரசுடன் ஏற்பட்ட பிணக்கால் 1966இல் விலகினார். 1973இல் திறந்த கட்டடத்தை அவர் 2008இல் இறக்கும்வரை நேரில் பார்க்கவே இல்லை.

◆ 20 ஆண்டு அனுமதி
1889இல் திறந்த ஈஃபெல் கோபுரத்துக்கு 20 ஆண்டுகள் நிற்கத்தான் அனுமதி. கம்பியில்லாத் தந்திக்கு உதவியதால் தப்பியது. 18,038 இரும்புத் துண்டுகளை 25 லட்சம் ரிவெட்டுகள் பிணைத்திருக்கின்றன. துரு ஏறாமலிருக்க இன்றும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை தொழிலாளர்கள் கயிற்றில் தொங்கித் தூரிகையால் சுமார் 60 டன் பெயின்ட் பூசுகிறார்கள்.

◆ காலடியில் சங்கிலி
நியூயார்க் சுதந்திர தேவியின் செப்புத் தோல் வெறும் 2.4 மில்லிமீட்டர் கனம். உள்ளே தாங்கும் இரும்புச் சட்டத்தை அமைத்தவர் அதே ஈஃபெல். காலடியில் அறுந்த விலங்குச் சங்கிலி கிடக்கிறது. கீழேயிருந்து பார்ப்பவர் கண்ணுக்கு அது படுவதில்லை.

◆ கிளம்பும் முன்
மச்சு பிச்சுவில் ஒரு நாளைக்கு இத்தனை பேர் என்று வரம்பு உண்டு. பீசா கோபுரம் ஏற நேரம் குறித்த டிக்கெட் வேண்டும். சுதந்திர தேவியின் கிரீடம்வரை ஏறத் தனி முன்பதிவு தேவை. விமான டிக்கெட்டுக்கு முன்பே இவற்றைப் பார்த்துவிடுங்கள்.