பட்டாளத்தின் பாக்கி – 9: காரணம் சொல்லாத மருத்துவக் குழு

மார்த்தாண்டத்தைச் சுற்றியுள்ள விளவங்கோடு, கல்குளம் பகுதிகளில் பட்டாளத்துக்குப் போவது பல தலைமுறைகளாக இருந்துவரும் வழக்கம். திருவிதாங்கூர் அரசின் படைப்பிரிவுகள் விடுதலைக்குப் பின் இந்திய ராணுவத்தில் இணைக்கப்பட்டு மதராஸ் ரெஜிமெண்டில் தொடர்ந்தன. 1956 நவம்பர் 1 அன்று இப்பகுதி தமிழ்நாட்டோடு சேர்ந்த பிறகும் அந்த வழக்கம் தளரவில்லை. அப்படிப் போனவர்களில், சிப்பாய்க்குரிய ஓய்வூதியம் பெறத் தேவையான 15 ஆண்டுப் பணி நிறைவதற்குள் நோயாலோ காயத்தாலோ வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்களை 'போர்டு அவுட் ஆனவர்' என்பார்கள். ராணுவ மருத்துவக் குழுவின் முடிவின்படி விலக்கப்பட்டவர் என்பது இதன் பொருள். இவர்களுக்குச் சட்டம் வைத்திருக்கும் முதன்மையான வழி உடற்குறை ஓய்வூதியம், அதாவது டிஸபிலிட்டி பென்ஷன். அது மறுக்கப்பட்டால் மாதத் தொகை மட்டும் போவதில்லை. 2003 ஏப்ரலில் தொடங்கிய முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டமான ஈ.சி.எச்.எஸ்.ஸில் சேர ஏதேனும் ஓய்வூதியம் பெறுபவராக இருக்க வேண்டும் என்பது பொதுவிதி என்பதால், நோய்க்காகவே அனுப்பப்பட்டவருக்கு அந்த நோய்க்கான சிகிச்சையும் சேர்ந்து அடைபட்டுப் போகிறது.

1961ஆம் ஆண்டின் ராணுவ ஓய்வூதிய ஒழுங்குமுறைகளில் 173ஆம் விதி இரண்டு நிபந்தனைகளை வைக்கிறது. குறை படைப்பணியால் வந்ததாகவோ, படைப்பணியால் மோசமடைந்ததாகவோ இருக்க வேண்டும். அதன் அளவு 20 விழுக்காட்டுக்குக் குறையக் கூடாது. இவற்றுள் முதல் நிபந்தனையில்தான் பெரும்பாலான விண்ணப்பங்கள் விழுகின்றன. ஆனால் 1982ஆம் ஆண்டின் உரிமை விதிகள் வீரருக்கு எதிரானவை அல்ல என்பது கவனிக்கத்தக்கது. படையில் சேரும்போது மருத்துவப் பதிவேட்டில் ஒரு நோய் குறிக்கப்படாவிட்டால், அது பணிக்காலத்தில் தோன்றியதாகவே பொதுவாகக் கொள்ளப்படும். நிரூபிக்கும் சுமை வீரர்மேல் இல்லை. ஐயம் எழுமானால் அதன் பலன் அவருக்கே. அந்நோயைச் சேர்க்கையின்போது கண்டறிந்திருக்க முடியாது என்று மருத்துவக் குழு கருதினால், அதற்கான காரணத்தை அது எழுதியாக வேண்டும்.

இந்தக் கடைசி நிபந்தனையின் கனத்தை உச்ச நீதிமன்றம் 2013 ஜூலை 2 அன்று தரம்வீர் சிங் வழக்கில் எடுத்துக்காட்டியது. 1985இல் சிக்னல் படைப்பிரிவில் சிப்பாயாகச் சேர்ந்த அவர், வலிப்பு நோயால் 20 விழுக்காடு நிரந்தரக் குறை ஏற்பட்டதாக மதிப்பிடப்பட்டு, 1994 ஏப்ரலில் விலக்கப்பட்டார். மருத்துவக் குழுவின் படிவத்தில், நோய் பணியோடு தொடர்பற்றது என்றால் அதற்கு உண்மையான காரணம் எது எனக் கேட்கும் ஓர் இடம் உண்டு. அந்த இடத்தில், குறை படைப்பணியோடு தொடர்புடையதல்ல என்பதே விடையாக எழுதப்பட்டிருந்தது. கேள்வியையே திருப்பி எழுதிய அந்த விடையில் காரணம் எதுவும் இல்லை. இமாசலப் பிரதேச உயர்நீதிமன்றத்தில் தனி நீதிபதி அவர் பக்கம் தீர்ப்பளித்தார், இரு நீதிபதிகள் அமர்வு அதை மாற்றியது, உச்ச நீதிமன்றம் அமர்வின் தீர்ப்பை ரத்துசெய்து ஓய்வூதியத்தை வழங்கியது. படிவத்தில் ஒரு வரிக் காரணம் எழுதப்படாததற்கு ஒரு சிப்பாய் கொடுத்த விலை 19 ஆண்டுகள்.

அதன்பின் வந்த சுக்விந்தர் சிங் (2014), ராஜ்பீர் சிங் (2015) தீர்ப்புகள் இதே வழியில் நடந்தன. தொகையிலும் மாற்றம் நேர்ந்தது. நூறு விழுக்காடு குறைக்கு, கடைசியாகப் பெற்ற ஊதியத்தில் 30 விழுக்காடு என்பது குறைக்கான பங்கின் கணக்கு. 20 விழுக்காடு குறை உள்ளவருக்கு இது வெறும் 6 விழுக்காடாகச் சுருங்கும். 1996 முதல் நடப்பிலுள்ள முழுமையாக்கல் முறைப்படி 50க்குக் குறைந்த அளவு 50ஆக உயர்த்தப்படுவதால், அதே வீரருக்கு 15 விழுக்காடு கிடைக்கிறது. மருத்துவக் குழுவால் விலக்கப்பட்டவர்களுக்கு மட்டுமே இது பொருந்தும் என்ற அரசின் வாதத்தை, 2014 டிசம்பரில் ராம் அவதார் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை.

தீர்ப்புகள் இவ்வளவு தெளிவாக இருந்தும், அவற்றின் பலனைக் காலம் அரித்துவிடுகிறது. நிராகரிப்பு வந்தால் முதல் மேல்முறையீடு, பிறகு இரண்டாம் மேல்முறையீடு, இரண்டும் துறைக்குள்ளேயே. அதன்பிறகே 2007ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் 2009இல் செயல்படத் தொடங்கிய ஆயுதப்படைத் தீர்ப்பாயம். தாமதமாக வந்தாலும் ஓய்வூதிய உரிமை அழிவதில்லை, மாதந்தோறும் அது புதிதாகப் பிறக்கிறது என்று 2008இல் தர்சேம் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒப்புக்கொண்டது. ஆனால் நிலுவைத் தொகையை வழக்குத் தொடுத்த நாளுக்கு முந்தைய மூன்று ஆண்டுகளோடு நிறுத்திவிட்டது. தன் நோய்க்கு உரிமை உண்டு என்பதையே ஐம்பது வயதுக்குமேல் அறிந்துகொள்ளும் ஒருவர், இளமையில் இழந்த இருபது ஆண்டுத் தொகையை வென்றாலும் பெறமாட்டார். தவறு அரசுடையது என்று தீர்மானிக்கப்பட்ட பிறகும் அதன் இழப்பை வீரரே சுமப்பது நியாயமாகாது.

குமரி மாவட்டத்துக்காரர்களுக்குத் தொலைவும் ஒரு சுமையாகச் சேர்கிறது. ஓய்வுபெற்றவர் தாம் வாழும் பகுதிக்குரிய தீர்ப்பாயக் கிளையில் மனுச்செய்யலாம் என்பதால், மார்த்தாண்டத்துக்காரருக்கு உரியது சென்னைக் கிளை. களியக்காவிளையைத் தாண்டிக் கேரளத்தில் வசிப்பவருக்கோ கொச்சிக் கிளை, அது சென்னைக்கு உள்ள தொலைவில் பாதிகூட இல்லை. வலிப்போ மனநோயோ உள்ளவர், துணைக்கு ஓர் ஆளைக் கூட்டிக்கொண்டு இரவு முழுதும் ரயிலில் போய்வர வேண்டியிருக்கும் பயணம் சென்னைப் பயணம்.

தீர்ப்பாயத்தில் வீரர் வென்ற பிறகும் அரசு மேல்முறையீட்டுக்குப் போகும் வழக்கத்தை ஆராய, அன்றைய பாதுகாப்பு அமைச்சர் மனோகர் பரிக்கர் அமைத்த நிபுணர் குழு, 2015 நவம்பரில் அறிக்கையளித்து, முன்னாள் வீரர்களுக்கு எதிரான தேவையற்ற மேல்முறையீடுகளைக் குறைக்கச் சொன்னது. அதே ஆண்டு மார்ச்சில், தீர்ப்பாயத்தின் ஆணைமீது உயர்நீதிமன்றம் செல்ல முடியாது என்ற தீர்ப்பு வந்திருந்தது. தோற்ற சிப்பாய்க்கு டெல்லியின் உச்ச நீதிமன்றம் ஒன்றே எஞ்சியது. 2023 மார்ச்சில் பர்ஷோத்தம் தாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் உயர்நீதிமன்றங்களின் கதவை மீண்டும் திறந்துவிட்டது. அந்தக் கதவு இரு தரப்புக்கும் பொது என்பதால், வென்ற வீரரை அரசும் அங்கே இழுக்கலாம்.

எந்த விதி பொருந்தும் என்பது பணியிலிருந்து விலகிய நாளைப் பொறுத்தது. 2008க்கு முன் விலகியவர்களுக்கு 1982ஆம் ஆண்டு விதிகள் பொருந்தும். 2008ஆம் ஆண்டு விதிகளோ, பணிக்காலத்தில் நோய் வெளிப்பட்டது என்பது மட்டுமே போதாது என்றும், விலகி 15 ஆண்டுகளுக்குப் பின் கோரினால் நிரூபிக்கும் சுமை கோருபவருடையது என்றும் மாற்றின. 2023 செப்டம்பர் 21 முதல் விலகுபவர்களுக்கு மூன்றாவது விதித்தொகுப்பு வந்துள்ளது. ஆகவே பழைய டிஸ்சார்ஜ் புத்தகத்தை மட்டும் நம்பியிராமல், மருத்துவக் குழுவின் முழு நடவடிக்கைக் குறிப்பின் நகலைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் ரெஜிமெண்டின் ஆவண அலுவலகத்திலிருந்து கேட்டுப் பெறுவது முதல் வேலை. மதராஸ் ரெஜிமெண்ட்காரர்களுக்கு அந்த அலுவலகம் நீலகிரி மாவட்டத்தின் வெலிங்டனில் உள்ளது.