எண்ணுதலின் பயன்

தமிழில் ‘எண்ணுதல்’ என்னும் சொல் இரு பொருள் தரும். ஒன்று, இரண்டு எனக் கணக்கிடுதல் ஒரு பொருள். உள்ளத்தால் ஆராய்தல் மற்றொரு பொருள். இவ்விரண்டும் ஒருங்கே வேண்டப்படும் ஆய்வுத்துறை ஒன்று இன்று வளர்ந்து வருகிறது. பிளாஸ்டிக்கு எனப்படும் நெகிழியின் கழிவால் நிலமும் நீரும் கெடாமல் காக்க எத்தகைய சட்டம் வேண்டும் என ஆராயும் துறையே அது. அத்துறையில் மாணவர் பலர் பயிற்சிப் பணி ஏற்று உழைக்கின்றனர். அப்பணி யாது, அதனால் விளையும் பயன் யாது என்பவற்றை இப்பாடத்தால் அறியலாம்.

நெகிழியின் பெருக்கம்: 1950-ஆம் ஆண்டில் உலகம் முழுவதும் உண்டாக்கப்பட்ட நெகிழி ஏறத்தாழ 20 இலட்சம் டன். 2015-ஆம் ஆண்டில் அஃது ஏறத்தாழ 38 கோடி டன்னாகப் பெருகிற்று. அவ்வாண்டு வரை கழிவாகிய நெகிழி அனைத்தையும் கணக்கிட்ட அறிஞர், அதில் நூற்றுக்கு 9 பங்கே மீண்டும் பயன்பொருளாயிற்று என்றும், 12 பங்கு எரிக்கப்பட்டது என்றும், எஞ்சிய 79 பங்கும் குப்பைக் கிடங்குகளிலோ வெளியிடங்களிலோ தங்கிவிட்டது என்றும் கண்டனர். இலையும் மரமும் மட்கி மண்ணாகும். நெகிழியோ எளிதில் மட்குவதில்லை. வெயிலாலும் அலையாலும் சிதைந்து சிறு சிறு துகள்களாகுமேயன்றி அழிந்தொழிவதில்லை. ஆதலின், அதனைத் தடுக்கச் சட்டம் வேண்டும் என்பதில் ஐயமில்லை. ஆயின், எதனைத் தடுப்பது? எவ்வாறு தடுப்பது? மருத்துவன் நோயை அறியாமல் மருந்து கொடுத்தல் தகாது. அளவை அறியாமல் சட்டம் இயற்றுதலும் தகாது.

பயிற்சிப் பணி: நூலிற் கற்றதைச் செயலிடத்திற் பழகித் தெளிதலே பயிற்சிப் பணியாகும். தச்சுத் தொழில் கற்பவன் ஆசானருகே அமர்ந்து உளி பிடிக்கப் பழகுதல் போல்வது அது. ஐரோப்பிய நாடுகள் பல கூடி அமைத்த ஒன்றியத்திற்கு ஐரோப்பிய ஆணையம் என்றோர் ஆட்சி நிலையம் உண்டு. அங்கே பட்டம் பெற்ற இளைஞரைப் பயிற்சிக்கு ஏற்கும் முறை 1960-ஆம் ஆண்டில் தொடங்கியது. ஆண்டுக்கு இருமுறை, மார்ச்சுத் திங்களிலும் அக்டோபர்த் திங்களிலும் தொடங்கி, ஐந்து திங்கள் அப்பயிற்சி நடைபெறும். அவ்வாணையத்தில் மட்டுமன்றிப் பல்கலைக்கழகங்களிலும் ஆய்வு நிலையங்களிலும் இத்தகைய பயிற்சி உண்டு. நெகிழிக் கொள்கை ஆயும் பயிற்சி மாணவர், அறிக்கைகளைப் படித்துச் சுருக்குவர், பிற நாட்டுச் சட்டங்களை ஒப்பிடுவர், வணிகர், மீனவர், நகராட்சியார் கூறும் கருத்துகளைத் தொகுப்பர், கணக்குகளைச் சரிபார்ப்பர். இவற்றுள் சரிபார்த்தலே தலையாய கடமை. பார்ப்பவர்க்கு இது சிறு பணியாகத் தோன்றலாம். ஆயின், பெரும் சட்டங்களின் வலிமையும் மெலிவும் இச்சிறு பணியைப் பொறுத்தே அமைகின்றன.

கரையில் எடுத்த கணக்கு: கடற்கரைக் குப்பையை எண்ணுவதற்கு ஐரோப்பாவில் ஒரு முறை வகுக்கப்பட்டுள்ளது. கரையில் 100 மீட்டர் நீளமுள்ள ஒரு பகுதியைத் தேர்ந்து, ஆண்டுக்கு நான்கு முறை, பருவத்திற்கு ஒன்றாக, ஆங்குக் கிடக்கும் பொருள்களை ஒவ்வொன்றாக எடுத்து எண்ணுவர். ‘குப்பை மிகுதி’ என்று பொதுவாக எழுதுதல் கூடாது. புட்டியா, மூடியா, பையா, கயிறா என வகைப்படுத்திக் குறித்தல் வேண்டும். தன்னார்வத் தொண்டரும் மாணவரும் குளிரையும் காற்றையும் பொருட்படுத்தாது இப்பணியில் ஈடுபடுகின்றனர்.

2016-ஆம் ஆண்டில் ஐரோப்பாவின் 276 கரைகளில் இவ்வாறு எண்ணப்பட்ட பொருள்கள் 3,50,000-க்கும் மேற்பட்டவை. இத்தாலி நாட்டில் இசுப்ரா என்னும் ஊரிலுள்ள ஐரோப்பிய ஆய்வு நிலையத்தார் அக்கணக்குகளைத் தொகுத்து ஆராய்ந்தனர். கரையிற் கண்ட பொருள்களில் ஏறத்தாழ பாதி, ஒருமுறை பயன்படுத்தி எறியப்படும் நெகிழிப் பொருள்களே என்பது புலனாயிற்று. மீன்பிடி வலை, கயிறு முதலியன நூற்றுக்கு 27 பங்கு. ஒருமுறைப் பொருள்களிலும் பத்து வகைகளே பெரும்பகுதியாக இருந்தன. பகை இன்னதென்று தெரியாது மயங்கியிருந்த நிலையில், அதன் பெயரும் இடமும் தெரிந்தாற்போல ஆயிற்று.

சட்டம் பிறந்த வகை: இக்கணக்கை அடிப்படையாகக் கொண்டு 2018-ஆம் ஆண்டு மே மாதத்தில் சட்ட முன்வரைவு வெளியாயிற்று, 2019-ஆம் ஆண்டு சூன் மாதத்தில் அது சட்டமாயிற்று. அதன் சிறப்பு யாதெனில், எல்லாவற்றையும் ஒரே கோலால் அளவாமல், ஒவ்வொரு பொருளுக்கும் ஏற்ற தீர்வை வகுத்தமையே. காது குடையும் பஞ்சுக்குச்சியைக் கழிப்பறையில் எறிவோர் பலர். அது சாக்கடை நீரோடு சென்று, துப்புரவு நிலையத்தின் சல்லடைக்கும் தப்பிக் கடலை அடைகிறது. அதற்கு மாற்றாகத் தாளாலான குச்சி எளிதிற் கிடைக்கும். ஆதலின், 2021 சூலை 3 முதல் நெகிழிக்குச்சி தடுக்கப்பட்டது. கரண்டி, தட்டு, உறிஞ்சுகுழல் முதலியவற்றிற்கும் அதுவே முடிபு.

புட்டிக்கோ அவ்வாறு எளிய மாற்று இல்லை. ஆதலின், விற்ற புட்டிகளில் நூற்றுக்கு 90 பங்கை 2029-க்குள் திரும்பச் சேர்த்தல் வேண்டும் என விதித்தனர். மூடி தனியே கழன்று கரையிற் கிடப்பதைக் கணக்குக் காட்டியது; எனவே, 2024 சூலை 3 முதல் மூடி புட்டியோடு பிணைந்தே இருத்தல் வேண்டும் என்றனர். சிகரெட்டின் அடியில் பஞ்சு போலத் தோன்றுவதும் பெரும்பாலும் ஒருவகை நெகிழி நாரே. அத்துண்டுகளைத் துப்புரவு செய்யும் செலவை அதனைச் செய்து விற்போரே ஏற்றல் வேண்டும் என்பது விதி. இங்ஙனம், எண்ணியதன் பயனாக எண்ணம் தெளிந்தது.

எண்ணாமற் பரவிய எண்: இதற்கு மாறான நிகழ்ச்சி ஒன்றும் உண்டு. 2011-ஆம் ஆண்டில், அமெரிக்க நாட்டின் வெர்மாண்டு மாநிலத்தில் ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவன், தன் நாட்டில் நாள்தோறும் எத்தனை உறிஞ்சுகுழல்கள் பயன்படுகின்றன என அறிய விரும்பினான். எங்கும் விடை கிடைக்கவில்லை. ஆதலின், குழல் செய்யும் நிலையத்தார் சிலரைத் தொலைபேசியில் வினவி, நாளொன்றுக்கு 50 கோடி என ஒரு மதிப்பீடு செய்தான். அச்சிறுவனின் ஆர்வம் போற்றத்தக்கது; தான் கணக்கிட்ட வகையையும் அவன் மறைத்தானல்லன். ஆயின், செய்தித்தாள்களும் அமைப்புகளும் அந்த எண்ணை ஆராயாமல் எடுத்தாண்டன. வாணிக ஆய்வாளர் கண்ட எண்கள் அதனினும் குறைந்தவை என்பது 2018-ஆம் ஆண்டளவில் பலர்க்கும் தெரியவந்தது. குழல் தடை தேவையற்றது என்பார்க்கு அது வாய்ப்பாயிற்று. பிழை சிறுவனுடையது அன்று. மீண்டும் எண்ணிப் பாராத பெரியோருடையதே.

விடுபட்ட மனிதர்: எண் மட்டும் போதுமா எனின், போதாது. கை நடுக்கமுற்றோரும் உறுப்பு நலம் குன்றியோரும் சிலர் குழலின்றி நீர் பருகவும் இயலாதவர். தாட்குழல் விரைவில் நைந்துவிடும்; உலோகக் குழல் வளையாது. சியாட்டில் நகரம் 2018 சூலையில் நெகிழிக் குழலைத் தடுத்தபோது இவர்தம் குரல் எழுந்தது. வளையும் நெகிழிக் குழல் அவர்க்கு விதிவிலக்காக இருப்பினும், உணவகங்களில் அது கிடைத்தல் அரிது என அவர்கள் வருந்தினர். ஐரோப்பியச் சட்டமும் மருத்துவத் தேவைக்கான குழலுக்கு விலக்களித்துள்ளது. கரையிற் கிடக்கும் குழலை எண்ணுவோர், அக்குழலின்றி வருந்தும் மனிதரையும் எண்ணுதல் வேண்டும். ‘இச்சட்டத்தால் யார் துன்புறுவர்?’ என வினவாத ஆய்வு அரைகுறை ஆய்வேயாகும்.

இனிச் செய்வன: ஓர் ஒன்றியத்தின் சட்டம் உலகக் கடல்கள் அனைத்தையும் காத்துவிடாது. 2022 மார்ச்சுத் திங்களில் நைரோபி நகரில் கூடிய ஐக்கிய நாட்டுச் சுற்றுச்சூழல் பேரவை, உலகிற்குப் பொதுவான ஓர் உடன்படிக்கை வேண்டும் எனத் தீர்மானித்தது. ஆயினும், 2025 ஆகஸ்டில் செனீவாவில் கூடியோரும் உடன்பாடு எய்தாமலே பிரிந்தனர். நெகிழியை உண்டாக்கும் அளவையே குறைப்பதா, கழிவைத் திருத்துவது மட்டும் போதுமா என்பதே அவர்களிடையே நின்ற பெரு வழக்கு. அவ்வழக்குத் தீரவும் உண்மையான கணக்குகள் வேண்டும்.

குனிந்து ஒரு மூடியை எடுத்து ஏட்டிற் குறிக்கும் மாணவன், தான் சட்டம் இயற்றுவதாகக் கருதமாட்டான். ஆயினும், அவன் இடும் ஒரு கோடு பல கோடுகளோடு சேர்ந்து நாடுகளின் நெறியை மாற்றவல்லது. அதனைப் பிழையின்றி இடுதலே அவனது கடமை. கணக்கில் வாய்மையும், நெஞ்சில் இரக்கமும் கொண்டு எண்ணுவோரே நல்ல சட்டத்திற்கு வித்திடுவோர் ஆவர்.