பேட்டரி அடிக்கடி இறங்குகிறதா? புதியது வாங்குமுன் ஓர் இரவு பொறுங்கள்

நாராயணவனம், புத்தூர் வட்டாரத்தில் வாரக் கணக்கில் உறை போர்த்தி நிற்கும் கார்கள் பல உண்டு. மகனோ மகளோ சென்னையிலோ பெங்களூரிலோ பணியில் இருப்பர். ஊரில் உள்ள பெற்றோரின் அவசரத் தேவைக்கென வண்டி வாசலில் நிற்கும். அத்தகைய கார்களைப் பற்றி நாம் கேட்கும் குறை பெரும்பாலும் ஒன்றுதான்: 'செல்ஃப் எடுக்கவில்லை.' தள்ளிவிட்டால் அன்று ஓடும். அடுத்த வாரம் மீண்டும் அதே நிலை. நள்ளிரவில் ஒருவரைத் திருப்பதி ரூயா மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல நேரும்போது இக்குறை வெறும் தொல்லையாக மட்டும் இராது.

இந்நிலையில் பலரும் செய்வது கடைக்குச் சென்று புதிய பேட்டரி வாங்குவதே. சில ஆயிரம் ரூபாய் செலவாகும். புதிய பேட்டரியும் இரண்டு மாதத்தில் இறங்கிவிட்டால் பழி உற்பத்தியாளர் மீது விழும். பேட்டரித் தொழிலுக்குப் பெயர் பெற்றது நம் வட்டாரம். 1985இல் தொடங்கப்பட்ட அமர ராஜா நிறுவனத்தின் ஆலை திருப்பதியை அடுத்த கரகம்பாடியில்தான் உள்ளது. ஆனால் எந்த ஆலையில் செய்த பேட்டரியாயினும், வண்டியில் உள்ள மின்கசிவை அதனால் குணப்படுத்த இயலாது.

பேட்டரியை ஒரு வங்கிக் கணக்காகக் கொள்வோம். ஸ்ரீநிவாசர் தம் திருமணத்துக்குக் குபேரனிடம் கடன் பெற்றதாகத் தலபுராணம் கூறும் ஊரில் கணக்கைப் பற்றிப் பேசுவதற்குத் தயங்க வேண்டியதில்லை. எஞ்சின் ஓடும்போது ஆல்டர்னேட்டர் மின்சாரத்தை வரவு வைக்கிறது. விளக்கு, ஹாரன், ஸ்டார்ட்டர் மோட்டார் முதலியன பற்று வைக்கின்றன. இருப்பு குறைந்தால் காரணம் மூன்றில் ஒன்று: வரவு போதவில்லை, நமக்குத் தெரியாத பற்று நடக்கிறது, அல்லது பெட்டகமே ஓட்டையாகிவிட்டது. மூன்றாவது காரணத்துக்கு மட்டுமே புதிய பேட்டரி மருந்தாகும்.

வண்டியைக் கிளப்புவதுதான் பேட்டரியைத் தீர்க்கிறது என்று பலர் எண்ணுகின்றனர். கணக்கிட்டால் உண்மை வேறு. சிறு காரின் ஸ்டார்ட்டர் மோட்டார் 150 ஆம்பியர் இழுப்பதாகவும், எஞ்சின் 2 விநாடியில் கிளம்புவதாகவும் கொள்வோம். செலவாவது 0.1 ஆம்பியர்-மணிக்கும் குறைவே. சில நிமிட ஓட்டத்தில் அது திரும்பிவிடும். ஆனால் டிக்கியில் அணையாமல் எரியும் 5 வாட் விளக்கு ஏறத்தாழ 0.4 ஆம்பியர் எடுக்கும். ஒரு நாளைக்கு அது 10 ஆம்பியர்-மணி. சிறு கார்களில் காணப்படும் 35 ஆம்பியர்-மணி பேட்டரியில் பாதி இருப்பு இரண்டு நாளுக்குள் போய்விடும். டிக்கி மூடியபின் விளக்கு அணைந்ததா என்பதை யார் பார்க்கிறார்கள்? கைப்பேசியின் வீடியோவை ஓடவிட்டு உள்ளே வைத்து மூடினால் தெரிந்துவிடும்.

எந்தக் குறையுமற்ற காரிலும் சிறு பற்று உண்டு. கடிகாரம், திருட்டுத் தடுப்பு அமைப்பு, ரேடியோவின் நினைவகம் ஆகியன உறங்கும்போதும் சிறிது மின்சாரம் எடுக்கும். 50 மில்லி ஆம்பியர் வரை இயல்பு எனப் பொதுவாகக் கொள்வர். அந்த அளவிலும் இரு வாரத்தில் 17 ஆம்பியர்-மணி கரையும். 2020 மார்ச்சில் பொதுமுடக்கம் தொடங்கியபின் நாடெங்கும் எத்தனையோ கார்கள் கிளம்ப மறுத்ததற்குக் காரணம் இதுவே. அவற்றில் பலவற்றுக்குப் பழுது என்று ஏதும் இருக்கவில்லை. எனவே உங்கள் வண்டி மூன்று வாரம் நின்றபின் கிளம்பவில்லையெனில் முதலில் சந்தேகிக்க வேண்டியது அந்த மூன்று வாரத்தைத்தான். ஓர் இரவிலோ இரண்டு நாளிலோ இறங்கினால் ஆய்வு தேவை.

அதற்குரிய எளிய சோதனைக்கு ஓர் இரவு போதும். பேட்டரியைச் சார்ஜரில் இட்டு முழுமையாக ஏற்றுங்கள். சில மணி நேரம் கழித்து மல்டிமீட்டரால் மின்னழுத்தத்தை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். சில நூறு ரூபாய்க் கருவியே போதுமானது. நல்ல பேட்டரி ஏறத்தாழ 12.6 வோல்ட் காட்டும். 12.2 என்றால் பாதி இருப்பு, 12.0 என்றால் கால் பங்கு. பின்பு எதிர்முனைக் கம்பியை மட்டும் கழற்றி வைத்துவிட்டு உறங்கச் செல்லுங்கள். காலையில் அளவு கிட்டத்தட்ட அப்படியே நின்றால் பேட்டரி குற்றமற்றது. மின்சாரத்தை உண்பது வண்டி. கம்பி கழற்றிய நிலையிலும் அளவு கணிசமாக இறங்கியிருந்தால் பேட்டரியே பழுது. 10.5 வோல்ட் அளவில் நின்றால் ஆறு அறைகளில் ஒன்று செத்துவிட்டது என்று பொருள். ஒவ்வோர் அறையும் 2.1 வோல்ட் தருவதால் இக்கணக்கு. கம்பியைக் கழற்றுமுன் வண்டியின் கையேட்டை ஒருமுறை பார்ப்பது நலம். சில கார்களில் ரேடியோ ரகசிய எண்ணைக் கேட்கும்.

வரவைச் சரிபார்ப்பது இன்னும் எளிது. எஞ்சின் ஓடும்போது பேட்டரி முனைகளில் 13.8 முதல் 14.5 வோல்ட் வரை இருக்க வேண்டும். முகப்பு விளக்கையும் ஏசியையும் போட்டபின் 13க்குக் கீழே சரிந்தால் ஆல்டர்னேட்டரையோ அதன் பெல்ட்டையோ காட்ட வேண்டும். மெக்கானிக் அதை 'டைனமோ' என்பார், குழம்ப வேண்டாம். புதிய கார்கள் சிலவற்றில் கணினியே மின்னழுத்தத்தைக் குறைப்பதுண்டு. அவற்றுக்கு நிறுவனப் பணிமனையின் கருத்தே சரி. இதற்கெல்லாம் முன்பு, முனைகளில் வெண்மையாகவோ பச்சையாகவோ பூத்திருக்கிறதா எனப் பாருங்கள். சமையல் சோடா கரைத்த நீரால் துடைத்து இறுக்கிய மாத்திரத்தில் தீர்ந்துபோகும் குறைகள் ஏராளம்.

வண்டிதான் மின்சாரத்தை உண்கிறது என்று தெரிந்தால் உண்ணும் இடத்தைத் தேட வேண்டும். மல்டிமீட்டரை 10 ஆம்பியர் அளவில் வைத்து, கழற்றிய எதிர்முனைக் கம்பிக்கும் பேட்டரி முனைக்கும் நடுவே இணைப்பர். அந்நிலையில் சாவியைத் திருப்பலாகாது, மீட்டர் பாழாகும். இணைத்தவுடன் காணும் எண்ணை நம்பவும் கூடாது. வண்டியின் கணினிகள் உறங்க அரை மணி நேரமோ அதற்கு மேலோ ஆகும். சாவி அருகில் இருந்தால் சில கார்கள் உறங்குவதே இல்லை. அதன்பின் ஃபியூஸ்களை ஒவ்வொன்றாக எடுக்க, எதை எடுக்கும்போது எண் சட்டென இறங்குகிறதோ அவ்வழியில் கள்வன் இருக்கிறான். எங்கும் இறங்கவில்லையெனில் ஆல்டர்னேட்டரின் டையோடு கெட்டிருக்கலாம். பகலில் வரவு வைத்துவிட்டு இரவில் அதுவே திருப்பி எடுத்துக்கொள்ளும். இவ்வேலையைப் பழகிய ஆட்டோ எலெக்ட்ரீஷியனிடம் விடுவதே நமது பரிந்துரை. 'புதிய பேட்டரி போடுங்கள்' என்பவரிடம் 'கசிவு எத்தனை மில்லி ஆம்பியர்?' என்று மட்டும் கேளுங்கள்.

நமது அனுபவத்தில் முதலில் ஐயுற வேண்டியவை பின்னர் பொருத்திய கருவிகளே: டாஷ் கேமரா, ஜிபிஎஸ் கருவி, வெளிக் கடையில் மாற்றிய மியூசிக் சிஸ்டம். சாவியை எடுத்தபின் அணைய வேண்டிய கம்பியில் இணைக்காமல், எப்போதும் மின்சாரம் உள்ள கம்பியில் இணைத்திருப்பார்கள்.

வெயிலையும் மறத்தலாகாது. கோடையில் 40 பாகையைத் தாண்டும் நம் பகுதியில் பேட்டரி விரைவில் மூப்படையும். உள்ளே நிகழும் அரிப்பு வெப்பத்தால் வேகமடைவதே காரணம். நிழலில் நிறுத்துவதும், வாரம் ஒருமுறை அரை மணி நேரமாவது சாலையில் ஓட்டுவதும் பயன் தரும். வாசலில் நிறுத்தியபடி ஐந்து நிமிடம் எஞ்சினை உறுமவிடுவதால் டீசல்தான் செலவு.

வாகனக் கடன் பெற்றவர்கள் நம்மிடம் கேட்பதுண்டு: காப்பீட்டில் இதற்குத் தொகை கிடைக்குமா? வழக்கமான வாகனப் பாலிசி, தேய்மானத்தையும் மின்பழுதையும் ஏற்பதில்லை. சாலையோர உதவி என்னும் கூடுதல் பிரிவை வாங்கியிருந்தால் பெரும்பாலும் ஜம்ப் ஸ்டார்ட் சேவை கிடைக்கும். பாலிசியில் அது உள்ளதா எனப் பார்த்துக்கொள்ளுங்கள். உத்தரவாத அட்டையையும் படியுங்கள். உற்பத்திக் குறைக்கே உத்தரவாதம். வெறுமனே இறங்கிய பேட்டரியை ஏற்றிக் கொடுப்பார்களே தவிர, மாற்றித் தருவதில்லை. மாற்றித் தரும் நிலையிலும், தொடக்கக் காலம் கடந்தபின் விலையில் ஒரு பங்கே கழிக்கப்படும்.

சோதனையில் பேட்டரிதான் பழுது என்று உறுதியானால், பழையதைக் கடையிலேயே கொடுத்து அதற்குரிய தொகையைப் பில்லில் கழிக்கச் சொல்லுங்கள். காரீயம் மீண்டும் உருக்கிப் பயன்படுவதால் அதற்கு விலை உண்டு. 2022ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளும் பழைய பேட்டரியைக் குப்பையில் சேர்க்காமல் தனியே ஒப்படைக்கச் சொல்கின்றன. உத்தரவாத அட்டையில் தேதியும் கடை முத்திரையும் இட்டபின்பே பணத்தைச் செலுத்துங்கள்.